பெரும்போகம் முடிந்ததும் வளவில் எதை முதலில் செய்வது? மாசி முதல் சித்திரை வரை முழுமையான வழிகாட்டி

குடும்பிமலை, கரடியனாறு, ஆயித்தியமலை, உன்னிச்சை என்று மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையின் மேற்கு விளிம்பில் கல்லும் காடும் சேருகிற ஊர்களில், ஒரு வளவு, கொஞ்ச வயல், இரண்டு மூன்று மாடு என்று சீவிப்பவர்களுக்கான வழிகாட்டி இது. குறிப்பாக, வளவை இப்போதுதான் பொறுப்பெடுத்திருப்பவர்களுக்கு.

மாரி மழை தையோடு ஓய்கிறது. மாசியில் பெரும்போக நெல் வெட்டு முடியும்போது மண்ணில் ஈரம் இருக்கும், கிணற்றில் தண்ணீர் மேலே நிற்கும், வெயிலும் இன்னும் முற்றியிராது. சித்திரை கழிவதற்குள் இந்த மூன்றும் மாறிவிடும். புதியவர்கள் பெரும்பாலும் வேலியிலும் கூரையிலும் கை வைக்கிறார்கள். கண்ணில் முதலில் படுபவை அவைதான். ஆனால் அவை ஆவணி வரை காத்திருக்கும். மண் ஈரம் 10 நாள்கூடக் காத்திருக்காது. ஆகவே, ஈரம் கேட்கிற வேலை முதலில், வெயில் கேட்கிற வேலை அடுத்து, கிணற்றை நம்பிய வேலை அதன் பிறகு, வேலி கடைசியில். கீழே உள்ள வரிசை அப்படித்தான் போகிறது.

1. வெட்டுக்கு முன்பே கையில் இருக்க வேண்டியவை

வெட்டு மெசின் வயலுக்குள் இறங்கிய பிறகு கடைக்கு ஓட நேரம் கிடையாது. இரண்டு பெரிய படங்கு, ஓட்டை இல்லாத சாக்கு, சாக்கு அடுக்கப் பலகையும் கல்லும், அலவாங்கு, மண்வெட்டி, 50 அடி கயிறு, பயற்று விதை. இவ்வளவும் தை நடுப்பகுதிக்குள் வீட்டில் இருக்க வேண்டும்.

கத்தரி, கொச்சிக்காய் நாற்றுமேடையும் தையிலேயே போட வேண்டியது. நாற்று 25 முதல் 30 நாளில்தான் நடத் தயாராகும். மாசிக் கடைசியில் நட வேண்டுமென்றால் கணக்கு அங்கிருந்துதான் பின்னோக்கி வரும். மேடையை நனைத்து, மேலே வைக்கோலும் உமியும் மாறி மாறிப் பரப்பி எரித்து, சாம்பலைக் கொத்திக் கலந்து, ஆறிய பிறகு விதையுங்கள். நாற்றழுகலை உண்டாக்குகிற பூஞ்சணமும் களை விதையும் மேல்மண்ணில்தான் இருக்கின்றன. அந்தச் சூடு அங்கே எட்டினால் போதும்.

விதைநெல்லுக்கு வயலில் ஒரு மூலையைக் கதிர் நிற்கும்போதே குறித்துவிடுங்கள். உயரம் மாறி நிற்பவை, நிறம் வேறானவை, பன்றிநெல் எல்லாவற்றையும் பிடுங்கிய பின் அந்த மூலையைக் கையால் வெட்டித் தனியே அடிக்க வேண்டும். மெசினின் தொட்டியிலும் குழாயிலும் முன்பு வெட்டிய வயலின் நெல் தங்கியிருக்கும். அதில் வந்த நெல்லை விதைக்கு வைத்தால் அடுத்த போகத்தில் நாலு வகை நெல் கலந்து, ஒன்று விளையும்போது மற்றது பூக்கும்.

2. ஈரம் போகுமுன் பயறு

பெரும்போகத்துக்கும் கோடைச் சிறுபோகத்துக்கும் இடையில் கிடைக்கிற இரண்டு மாதத்தில் விளைந்து தீரக்கூடிய பயிர் பயறு. 55 முதல் 65 நாளில் முடியும். புதிதாகத் தண்ணீர் கேட்காது. வேர் மண்ணுக்குத் தழைச்சத்தும் சேர்க்கும். ஆனால் எல்லாம் விதைக்கிற நாளில்தான் இருக்கிறது.

வெட்டு முடிந்த மறுநாள் ஒரு கை மண்ணை 3 அங்குல ஆழத்தில் இருந்து எடுத்துப் பிடியுங்கள். உருண்டையாக நிற்க வேண்டும். விரலிடுக்கில் தண்ணீர் கசியக் கூடாது. பெருவிரலால் அமர்த்தினால் உடைய வேண்டும். அன்றே உழுது அன்றே விதைக்கலாம். தண்ணீர் கசிந்தால் இரண்டு மூன்று நாள் பொறுங்கள். பயறு தண்ணீர் நின்ற மண்ணில் முளையோடு அழுகிவிடும். உருண்டை பிடிக்காமல் உதிர்ந்தால் காலம் தப்பிவிட்டது. அந்த வயலை மாட்டுக்கு விட்டுவிட்டு விதையை மிச்சப்படுத்துங்கள்.

ஏக்கருக்கு 12 முதல் 15 கிலோ விதை. வரிசைக்கு வரிசை 1 அடி, செடிக்குச் செடி 4 அங்குலம், ஆழம் ஒன்று முதல் ஒன்றரை அங்குலம். உழவையும் விதைப்பையும் வெவ்வேறு நாளில் வைப்பது பலர் விடுகிற பிழை. கிளறிய மண் ஒரு பகல் வெயிலிலேயே மேல் ஈரத்தை இழந்துவிடும்.

இன்னொன்றும் இருக்கிறது. வெட்டு முடிந்த வயல்வெளி மாடுகளுக்குத் திறந்துவிடப்படும். மேட்டு மேய்ச்சல் தரைகளுக்குப் போயிருந்த மாட்டுப் பட்டிகள் இந்தக் காலத்தில்தான் அரிதாள் (வெட்டிய நெல்லின் அடித்தாள்) மேயக் கீழே வரும். உங்கள் வயல் கண்டத்தில் நீங்கள் மட்டும் பயறு போட்டால் அது ஊர்மாட்டுக்கு விருந்து. விதைக்கு முன்பே வட்டவிதானையிடமும் (கண்டத்தின் தண்ணீர்ப் பங்கீட்டைப் பார்ப்பவர்) பக்கத்துக் கண்டக்காரரிடமும் பேசி, சேர்ந்து போடுங்கள். அல்லது வளவோடு ஒட்டி, வேலிக்குள் வரக்கூடிய துண்டில் மட்டும் போடுங்கள். பட்டிக்காரரோடு பின்னால் சண்டை பிடித்துப் பயன் இல்லை. மாடு வருவது வழமை, பயறு போடுவதுதான் புதிது.

காய் கறுக்கத் தொடங்கியதும் காலைப் பனி காயுமுன் ஆயுங்கள். வெயில் ஏறினால் காய் தொட்டதும் வெடித்து மணி சிதறும். இரண்டு முறை ஆய்ந்தால் பெரும்பகுதி வந்துவிடும்.

3. விதைநெல் காய வைத்தல்

சாப்பாட்டு நெல்லையும் விதைநெல்லையும் ஒரே மாதிரிக் காய வைப்பதால்தான் பாதி முளைக்காமல் போகிறது. உண்கிற நெல்லுக்குச் சூடு அதிகமானால் அரிசி நொறுங்கும், அவ்வளவுதான். விதைநெல்லின் உள்ளே இருப்பது உயிருள்ள முளை. 43 பாகை செல்சியஸுக்கு மேல் நெல் சூடேறினால் அது சாகத் தொடங்கும். பங்குனி நடுப்பகலில் தார் றோட்டும் சீமெந்துக் களமும் அதைத் தாண்டிச் சுடும்.

ஆகவே படங்கு விரித்து, 2 அங்குலத் தடிப்பில் பரப்பி, காலை 8 மணி முதல் 11 வரையும் பின்னேரம் 3 முதல் 5 வரையும் மட்டும் காய விடுங்கள். அரை மணிக்கொரு தடவை காலால் வரம்பு வரம்பாகக் கிளற வேண்டும். நடுப்பகலில் குவித்து மூடுங்கள். மூன்று நான்கு நாளில் சரிவரும். இலக்கு 12 முதல் 13 வீத ஈரம். வீட்டில் அளக்கக் கருவி இல்லாவிட்டால் பல்லில் வைத்துக் கடியுங்கள். நசுங்கினால் காணாது. சத்தத்தோடு இரண்டாக முறிந்தால் போதும்.

கடைசி நாள் காய்ந்த நெல்லை உடனே சாக்கில் கட்டாதீர்கள். ஓர் இரவு நிழலில் ஆற விட்டுக் காலையில் கட்டுங்கள். சூட்டோடு கட்டினால் சாக்குக்குள் வியர்த்து, காய வைத்த வேலையெல்லாம் வீணாகும். யூரியா வந்த பையை விதைக்குப் பாவிக்க வேண்டாம். ஒட்டியிருக்கிற உரம் காற்று ஈரத்தை இழுக்கும். சாக்கைத் தரையில் வைக்காமல் பலகையில், சுவரில் இருந்து ஒன்றரை அடி தள்ளி அடுக்குங்கள். அந்த இடைவெளி எலியைக் காணவும் பூனை புகவும்தான். நன்றாகக் காய்ந்த வேப்பிலையோ நொச்சியிலையோ இடையில் போடலாம். பச்சை இலை போட்டால் அதன் ஈரத்திலேயே பூச்சி பெருகும்.

விதைப்புக்கு ஏக்கருக்கு 2 புசல் தேவை. அதற்கு மேல் அரைப் புசல் கூடுதலாக வையுங்கள். முளைப்பு குறைந்தால் கைகொடுப்பது அதுதான்.

4. வைக்கோல்

வைகாசியில் கச்சான் என்கிற வறண்ட மேல்காற்று அடிக்கத் தொடங்கியதும் புல் கருகும். அங்கிருந்து மாரி மழை வரை மாட்டின் வயிறு வைக்கோலில்தான். ஒரு பசுவுக்கு நாளுக்கு ஏறக்குறைய 5 கிலோ என்று வையுங்கள். இரண்டு பசுவுக்கு 4 மாதத்துக்கு 1200 கிலோ. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தவர் வயலில் வைக்கோலைக் கொளுத்த மாட்டார்.

மெசின் சிதறிவிட்டுப் போகும் வைக்கோலை 2 அல்லது 3 நாளுக்குள், வெயிலில் சலசலக்கும்போது வாருங்கள். பனியில் நனைந்து காய்ந்து மறுபடி நனைந்தால் நிறம் கறுத்துப் பூஞ்சணம் பிடிக்கும். அதை மாடு முகர்ந்து பார்த்துவிட்டு விலகும். வாரும்போது சப்பாத்துப் போடுங்கள், கையை உள்ளே விடாமல் முள்ளுத்தடியால் எடுங்கள். வெட்டு முடிந்த வயலில் எலி கூடும், எலிக்குப் பின்னால் கண்ணாடிப் புடையன் வரும். கடிபட்டால் நேரே ஆஸ்பத்திரிக்கு. கட்டு, கீறல், வீட்டு மருந்து எதுவும் வேண்டாம்.

போர் வைக்கிற இடம் வீட்டில் இருந்தும் அடுப்பில் இருந்தும் 50 அடியாவது தள்ளி, கொஞ்சம் உயர்ந்த நிலமாக இருக்கட்டும். நிலத்தில் இருந்து 1 அடி உயரத்தில் தடிப் பரண் கட்டி, நடுவில் ஒரு கம்பு நட்டு, சுற்றி அடுக்குங்கள். எப்போதும் நடுப்பகுதி ஓரத்தைவிட உயர்ந்தே இருக்க வேண்டும். நடுவை மிதித்து இறுக்கி, ஓரத்தைக் கீழ்நோக்கிச் சரிய விட்டால் மழை வழிந்தோடும். நடு பள்ளமானால் பங்குனி, சித்திரையில் பின்னேரம் இடியோடு வருகிற மழை உள்ளே இறங்கி, போர் நடுவில் இருந்து அழுகும்.

ஈர வைக்கோல் போருக்குள் தானாகச் சூடேறும். அடுக்கி ஒரு கிழமை கழித்து அலவாங்கை நடுவரை குத்தி, கால் மணி நேரம் விட்டு இழுத்துத் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்காத சூடு என்றால் அன்றே பிரித்துக் காய விடுங்கள். தீப்பிடித்த பிறகு பிரிக்க முடியாது.

யூரியா ஊட்டிய வைக்கோல்

வெறும் வைக்கோலில் புரதம் மிகக் குறைவு. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 100 லீற்றர் தண்ணீரில் முழுதாகக் கரைத்து, பொலித்தீன் விரித்த குழியில் வைக்கோலை ஒவ்வோர் அடுக்காகப் போட்டு, பூவாளியால் சமமாகத் தெளித்து, மிதித்து, காற்றுப் புகாமல் மூடுங்கள். 3 கிழமை கழித்துத் திறந்தால் வைக்கோல் மென்மையாகி, மஞ்சள் கபில நிறத்தில், மூக்கை அடிக்கிற நெடியோடு இருக்கும். அன்றன்றைக்குத் தேவையானதை எடுத்து, சில மணி நேரம் காற்றாட விட்டுப் போடுங்கள்.

இதில் பிழை விட்டால் மாடு சாகும். கரையாத யூரியாக் கட்டி ஓர் இடத்தில் தங்கக் கூடாது. கரைசல் வாளியை மாடு எட்டுகிற இடத்தில் ஒரு நிமிடமும் வைக்கக் கூடாது. தெளித்த அன்றைக்கோ மறுநாளோ ஊட்டக் கூடாது. 6 மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்குக் கொடுக்கவே கூடாது, அதன் இரைப்பை இன்னும் இதற்குப் பழகவில்லை. அளவில் சந்தேகம் இருந்தால் கால்நடை வைத்தியர் பணிமனையில் ஒருமுறை நேரில் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

5. நெல்லை எங்கே வைப்பது: யானையின் கணக்கு

மலையடிவாரத்தில் இதை ஒரு தனி வேலையாகவே எடுக்க வேண்டும். வயலில் கதிர் இருக்கும்வரை யானை வயலுக்கு வரும். வெட்டு முடிந்ததும் நெல்லின் மணத்தைப் பிடித்து வீட்டுக்கு வரும். நெல் வைத்த அறையின் சுவர் உடைபடும்போது அருகில் படுத்திருப்பவர் சாவதும் உண்டு.

விற்க வேண்டிய நெல்லை ஒரு கிழமைக்குள் வளவை விட்டு அனுப்புங்கள். விலை ஏறும் என்று மண்சுவர் வீட்டில் 40 சாக்கு அடுக்கி வைத்திருப்பது இந்தப் பக்கத்துக்கு ஏற்ற துணிவல்ல. பொறுத்து விற்க விரும்பினால் ரவுண் பக்கத்து உறவினர் வீட்டிலோ களஞ்சியத்திலோ வையுங்கள். வளவில் இருப்பது குடும்பச் சாப்பாட்டுக்கும் விதைக்கும் உரியது மட்டும். அதையும் படுக்கிற அறையிலோ அதன் மறுபக்கச் சுவரோடோ வைக்க வேண்டாம். உப்புச் சாக்கு, பழுத்த வாழைக்குலை, விழுந்து கிடக்கிற பலாப்பழம், இவையும் யானையை இழுக்கும்.

மின்வேலி உள்ள ஊரில் உங்கள் பகுதிக் கம்பியின் கீழே உள்ள புல்லையும் கொடியையும் கிழமைக்கு ஒருமுறை வெட்டுங்கள். ஓர் ஈரக் கொடி கம்பியைத் தொட்டால் மின் அதிர்வு நிலத்துக்கு இறங்கி வேலி வலுவிழக்கும்; யானை அதைச் சீக்கிரமே கண்டுபிடித்துவிடும். வீட்டு மின்சாரத்தை நேரே கம்பிக்குக் கொடுக்கிற வேலையை எவரும் செய்ய வேண்டாம். அது சட்டத்துக்கு விரோதம். யானைக்கு முன் அயல் பிள்ளை அதில் கை வைக்கும். யானை நடமாட்டம் கண்டால் கிராம உத்தியோகத்தருக்கும் வனசீவராசிகள் அலுவலகத்துக்கும் அறிவித்துவிட்டு உள்ளே இருங்கள். ரோர்ச் அடித்துக்கொண்டு தனியே வெளியே போவதுதான் ஆபத்து.

6. கிணறு: கழுவுவதற்கு முன் அளப்பது

தோட்டம் போடுமுன் கிணற்றைக் கேட்க வேண்டும். 50 அடி கயிற்றில் அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டு, நுனியில் கல் கட்டி, மாசி 1ஆம் திகதி நீர்மட்டத்தை அளந்து கிணற்றுக் கட்டில் எழுதுங்கள். பங்குனி 1இலும் சித்திரை 1இலும் அதையே செய்யுங்கள். எவ்வளவு இறங்குகிறது என்பதுதான் ஆவணிக்குத் தண்ணீர் மிஞ்சுமா என்று சொல்லும். நீங்கள் அளந்தது ஒரு வருடம் மட்டும் என்றால் முதியவர்களிடம் கேளுங்கள். எந்த வருடம் கிணறு எங்கே வற்றியது என்று அவர்களுக்கு ஞாபகம் இருக்கும்.

அடுத்தது ஊற்று. 5 அடி விட்டமுள்ள வட்டக் கிணற்றில் 1 அடித் தண்ணீர் என்றால் ஏறக்குறைய 555 லீற்றர். பின்னேரம் 1 அடி இறைத்துவிட்டு, அது பழைய மட்டத்துக்கு வர எத்தனை மணி நேரம் எடுக்கிறது என்று பாருங்கள். விடியுமுன் ஏறிவிட்டால், அந்த 555 லீற்றரில் வீட்டுக்கும் மாட்டுக்கும் போக மீதி தோட்டத்துக்கு. ஏறவில்லை என்றால் பாத்தியைப் பாதியாக்குங்கள். கல்லில் வெட்டிய கிணறுகளில் தண்ணீர் நிறைய நிற்பது போல் தோன்றும், ஊற்று மெல்லியதாக இருக்கும். அவற்றில் இந்தச் சோதனை கட்டாயம்.

வெள்ளம் ஏறிய கிணற்றைக் குடிக்கப் பாவிக்குமுன் இறைத்துக் கழுவிக் குளோரின் போட வேண்டும். ஒரே மூச்சில் அடி வரை இறைக்காதீர்கள். மணற்பாங்கான மண்ணில் வெளித் தண்ணீரின் அழுத்தத்தில் வளையம் நகரும், சுவர் உள்ளே சரியும். பாதி இறைத்து, சுவரைத் தும்புத்தடியால் தேய்த்து, சில மணி நேரம் விட்டு, மறுபடி இறையுங்கள். குளோரின் தூளின் வலு அதன் வகைக்கும் பழமைக்கும் ஏற்ப மாறும்; எனவே தண்ணீரின் அளவைக் கணித்து எழுதிக்கொண்டுபோய்ப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் (பி.எச்.ஐ.) கொடுத்து, எத்தனை கிராம் என்று கேட்டு வாருங்கள். கண்மதிப்பில் கொட்டுவது கூடினாலும் கேடு, குறைந்தாலும் கேடு.

தண்ணீர் மட்டம் கீழே இருக்கிறது என்று மண்ணெண்ணெய் மெசினையோ பெற்றோல் மெசினையோ கிணற்றுக்குள் இறக்கி ஓட விட்டுப் பலர் இறந்திருக்கிறார்கள். புகையில் உள்ள காபனோரொக்சைட்டு மணமற்றது. விளக்கை இறக்கிப் பார்ப்பது அதைக் காட்டாது. மெசின் மேலேதான் நிற்க வேண்டும். ஆள் இறங்குவதென்றால் இடுப்பில் கயிறு, மேலே இரண்டு பேர். உள்ளே ஒருவர் மயங்கினால் காப்பாற்ற இன்னொருவர் குதிக்கக் கூடாது.

7. வீட்டுத்தோட்டம்

மாரியில் பாத்தியை உயர்த்துகிறோம், தண்ணீர் வடிய வேண்டும் என்பதால். கோடையில் அதையே செய்வது பிழை. இப்போது பாத்தி பள்ளமாக இருக்க வேண்டும். 3 அடி அகலம், 10 அடி நீளம், 6 அங்குலம் பள்ளம். எடுத்த மண்ணைச் சுற்றி வரம்பாகப் போடுங்கள். அடியில் மக்கிய மாட்டெரு இரண்டு கூடை. நட்ட பின் 3 அங்குலத்துக்கு வைக்கோலோ கிளிசிறியா இலையோ மூடாக்கு. அப்படி ஒரு பாத்திக்கு நாளுக்கு 12 முதல் 15 லீற்றர் காணும். கச்சான் காற்றில் 20 வரை ஏறும். பத்துப் பாத்தி என்றால் 200 லீற்றர். 6ஆம் பகுதியில் மிஞ்சிய தண்ணீரை இதனால் பிரித்துப் பாருங்கள். எத்தனை பாத்தி என்பதற்கு விடை அதுதான்.

எதைப் போடலாம்? வெண்டி, பயிற்றை, கத்தரி, கொச்சி, பாகல், கெக்கரி. தக்காளியை விடுங்கள். இரவும் சூடாக இருக்கிற காலத்தில் அது பூக்கும், பூ உதிரும், காய்க்காது. கத்தரிக்கு 3 அடிக்கு 2 அடி, கொச்சிக்கு 2 அடிக்கு ஒன்றரை அடி இடைவெளி. நெருக்கி நட்டால் கூடக் காய்க்கும் என்று நினைப்பது வேண்டாம். இருக்கிற தண்ணீரைத்தான் வேர்கள் பங்குபோடும்.

பாகலுக்கும் கெக்கரிக்கும் ஒன்றரை அடிக் குழி. குழி நடுவில் மெருகிடாத மண்முட்டி ஒன்றைக் கழுத்து வரை புதைத்து, தண்ணீர் நிரப்பி மூடிவிட்டால், மண் கேட்கும் அளவுக்குத் தண்ணீர் தானாகக் கசியும். இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை நிரப்பினால் போதும். தண்ணீர் சுமக்கிற பெண்பிள்ளைகளுக்கும் வயதானவர்களுக்கும் இது பெரிய உதவி.

நாற்றைப் பின்னேரம் 4 மணிக்குப் பிறகு நட்டு, 4 நாளுக்குத் தென்னோலையால் மறைப்புக் கொடுங்கள். தண்ணீர் காலையிலோ மாலையிலோ. நடுப்பகலில் ஊற்றுவதில் பாதி காற்றுக்குப் போகிறது.

வெயில் காலத்தின் நோய் வெள்ளை ஈயோடு வருகிறது. வெண்டி இலையின் நரம்பு மஞ்சளானாலோ கொச்சி இலை சுருண்டாலோ அந்தச் செடிக்கு மருந்து இல்லை. முதல் செடியைக் கண்டவுடன் பிடுங்கி எரிப்பதுதான் மருந்து. “இன்னும் நாலு காய் வரும்” என்று விட்டுவைத்த ஒரு செடி பாத்தி முழுவதையும் கெடுக்கும். ஈயை மட்டுப்படுத்த, லீற்றருக்கு 50 கிராம் வேப்பம்பருப்பை இடித்து இரவு முழுக்க ஊற வைத்து, துணியில் வடித்து, துளி சவர்க்காரம் கலந்து, பின்னேரம் இலையின் அடிப்பக்கம் நனைய அடியுங்கள். வெயிலில் அடித்தால் அதன் வலு விரைவில் போய்விடும்.

8. மாடும் தயிரும்

அரிதாள் மேயும் நாட்களில் பால் ஏறும். கன்றுக்கு உரியதை விட்டபின் மிஞ்சும் எருமைப்பாலைத் தயிராக்குவதுதான் இந்தப் பக்கத்தின் வருமானம். தயிர்ச்சட்டி நன்றாகக் கழுவி வெயிலில் முழுதாகக் காய்ந்திருக்க வேண்டும். மண்சட்டி மிகையான நீரை உறிஞ்சுவதால்தான் தயிர் கட்டியாகிறது, ஈரச்சட்டி உறிஞ்சாது.

பாலைக் கொதிக்க வைத்து, அடிக்கடி துழாவி, 10 நிமிடம் காய்ச்சுங்கள். சின்னவிரல் வைத்தால் சூடு தெரிந்தும் பொறுக்கிற அளவுக்கு ஆறிய பிறகு, லீற்றருக்கு ஒரு மேசைக்கரண்டி உறை. உறையை முதலில் கொஞ்சப் பாலில் கரைத்துப் பிறகு ஊற்றுங்கள். மூடி வைத்த சட்டியை அசைக்கக் கூடாது. பங்குனி வெயிலில் 5, 6 மணி நேரத்தில் உறைந்துவிடும். உறைந்த பின்னும் சூட்டில் விட்டால் புளிக்கும்.

தண்ணீர் விடுகிற தயிருக்குக் காரணங்கள் மூன்று: சூட்டோடு உறை ஊற்றியது, பாதியில் சட்டியை நகர்த்தியது, பாலில் தண்ணீர் கலந்தது. பழைய புளித்த உறையைத் திரும்பத் திரும்பப் பாவிப்பதும் சுவையைக் கெடுக்கும்.

எருமைக்கு வெயிலில் படுத்துப் புரளச் சேறோ தண்ணீரோ கட்டாயம். அதற்கு வியர்வை குறைவு. குளம் தூரம் என்றால் நடுப்பகலில் மர நிழலில் கட்டி இரண்டு வாளி தண்ணீர் மேலே ஊற்றுங்கள். தடுப்பூசித் திகதிகளைக் கால்நடை வைத்தியர் பணிமனையில் இப்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தொண்டை அடைப்பானுக்கான ஊசி மழைக்கு முன் போட வேண்டியது.

9. வேலி

வேலிக் கதியாலை (உயிர்வேலித் தடி) இப்போது வெட்டலாம், நடக் கூடாது. கிளிசிறியாக் கதியாலைப் பங்குனியில் நட்டால் ஒரு தளிர் காட்டிவிட்டு வைகாசியில் காய்ந்துபோகும்; வேர் வருமுன் தண்டில் உள்ள ஈரம் தீர்ந்துவிடும். புரட்டாசிக் கடைசியில் முதல் மழை விழுந்த பிறகு நடுங்கள்.

நிற்கிற கதியாலை ஆள் உயரத்தில் சரிவாக வெட்டி, ஒரு கிளையையாவது மிச்சம் விடுங்கள். இலையைப் பாத்திக்கு மூடாக்காகவும், ஓர் இரவு வாட விட்டு மாட்டுக்கும் கொடுக்கலாம். தீனியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். முட்கம்பியை உயிர்க் கதியாலில் ஆணியால் அடிக்காமல் கட்டுங்கள். ஆணி அடித்த இடத்தில் தண்டு அழுகும்.

10. சிறுபோகமா, எள்ளா?

பிரதேசத்தின் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்தில்தான் எந்தக் குளத்தில் எவ்வளவு தண்ணீர், எந்தக் கண்டத்துக்குத் திறப்பு, விதைப்புக்குக் கடைசித் திகதி என்ன என்று தீர்மானிப்பார்கள். தவறாமல் போங்கள். கூட்டம் முடியுமுன் நிலம் பண்படுத்தக் காசு செலவழிக்க வேண்டாம்.

தண்ணீர் உண்டென்றால், விதைப்புக்கு 10 நாள் முன் 100 நெல்லை எண்ணி ஈரத் துணியில் சுற்றி வையுங்கள். 85க்கு மேல் முளைத்தால் நல்ல விதை. வெட்டிய உடனே இந்தச் சோதனை செய்து முளைக்கவில்லை என்று விதையை வீசிவிடுபவர்கள் உண்டு. புதுநெல் சில கிழமைகள் உறங்கும், அதற்குப் பிறகுதான் சோதனைக்கு அர்த்தம். ஊறப் போடுமுன், புது முட்டை மிதக்கும் அளவுக்கு உப்புக் கரைத்த நீரில் நெல்லைக் கொட்டி, மிதப்பதை வழித்தெறிந்து, அடியில் நிற்பதை மூன்று தண்ணீரில் கழுவுங்கள். உப்பு ஒட்டியிருந்தால் முளை கருகும். சிறுபோகத்துக்கு 3 மாத நெல்லே ஏற்றது. 4 மாத நெல்லுக்குக் கடைசியில் குளம் இடம் கொடுக்காது.

தண்ணீர் இல்லை என்றால் மேட்டுத் துண்டில் எள் போடுங்கள். பங்குனி நடுவில் இருந்து சித்திரைத் தொடக்கம் வரை விழுகிற மழையில் ஒன்றைப் பிடித்து, ஏக்கருக்கு 3 கிலோ விதையை நாலு பங்கு மணலோடு கலந்து விசிற வேண்டும். மணல் கலக்காவிட்டால் கை அளவு தவறி, ஒரு பக்கம் அடர்ந்தும் ஒரு பக்கம் வெறுமையாகவும் முளைக்கும். மூன்றாம் கிழமையில் நெருக்கமான செடிகளைப் பிடுங்கிக் கலைத்து, செடிக்குச் செடி 6 அங்குலம் விடுங்கள். ஏறக்குறைய 3 மாதத்தில் கீழ்க்காய் மஞ்சளாகும். மேல்க்காயும் பழுக்கட்டும் என்று நிற்காமல் அப்போதே வெட்டி, கட்டுக்கட்டாகத் தலை மேலாகப் படங்கின்மேல் சாத்தி வையுங்கள்; காய் அங்கேயே காய்ந்து வெடிக்கும், தலைகீழாகத் தட்டினால் எள் படங்கில் விழும்.